மரம் மலிவு, நம்ம உழைப்பு மலிவு இல்லை



எங்க குழு மரத்துண்டுல சாவி மாட்டி, விளக்கு வைக்கிற பலகை, சின்னச் செடித்தொட்டிப் பெட்டி எல்லாம் செய்து விற்கிறோம். "எப்படிச் செய்யறீங்கன்னு வந்து சொல்லுங்க"ன்னு தலைவி அக்கா கூப்பிட்டாங்க. செய்யற விதத்தையும் சொல்றேன், நாங்க எங்கே கோட்டை விட்டோம்னும் சொல்றேன்.

எங்க ஊர் மரப் பட்டறையில கதவு, நிலை செய்யும்போது தேக்கு, வேம்பு, பூவரசு, மாமரத் துண்டுகள் நிறைய மிஞ்சும். ஒரு சாண், ஒரு முழம் நீளம் இருக்கும். எல்லாம் அடுப்புக்குத்தான் போகும். சாக்கு 60 ரூபாய்னு பேசி வாங்கினோம். நாலு பேர் சேர்ந்து, ரம்பத்தால அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, கொக்கி அடிச்சு, 40 சாவி மாட்டி செய்தோம். கண்காட்சியில ஒண்ணு 80 ரூபாய்னு அத்தனையும் வித்துப்போச்சு. கையில 3,200 ரூபாய். மரம், கொக்கி, பாலிஷ், ஆட்டோ வாடகை எல்லாம் சேர்த்துச் செலவு 1,400. மிச்சம் 1,800 ரூபாய் லாபம்னு இனிப்பு வாங்கிச் சாப்பிட்டோம்.

அடுத்த வாரக் கூட்டத்துல பதிவேடு எழுதும்போது, ஒரு உறுப்பினரோட மகள் பக்கத்துல இருந்தா. "எத்தனை மணி நேரம் வேலை செஞ்சீங்க அத்தை?"ன்னு கேட்டா. நாலு பேர், அஞ்சு நாள், தினம் நாலு மணி நேரம். மொத்தம் 80 மணி நேரம். 1,800-ஐ 80-ஆல வகுத்தா மணிக்கு 22 ரூபாய் 50 பைசா. யாருக்கும் பேச்சே வரலை. நூறு நாள் வேலைக்குப் போயிருந்தா இதைவிடக் கூடுதலாக் கிடைச்சிருக்கும்.

குழுப் பணத்துக்குப் பைசா சுத்தமாக் கணக்கு எழுதற நாம, நம்ம கை செய்யற வேலைக்கு மட்டும் கணக்கு எழுதறதில்லை. வீட்டுல செய்யறதுக்கு யாரும் கூலி கொடுத்ததில்லை. அந்தப் பழக்கம் தொழிலுக்குள்ளேயும் வந்துடுச்சு.

அன்றிலிருந்து ஒரு நோட்டுப் போட்டோம். வேலைக்கு உட்காரும் நேரம், எழும் நேரம் இரண்டையும் அதில் எழுதுவோம். அதைப் பார்த்தப்போ, பாதிக்கு மேல நேரம் தேய்க்கறதுலயே போகுதுன்னு தெரிஞ்சுது. குழுவில் உள்கடன் வாங்கி, கையில் பிடிக்கிற தேய்ப்பு மெஷின் ஒண்ணு வாங்கினோம். இன்னொரு விஷயமும் கண்டோம். முதல்ல எல்லாத் துண்டையும் கண்ணாடி மாதிரி வழவழன்னு தேய்ச்சிருந்தோம். ஒரு மாமரத் துண்டுல மட்டும் ஓரத்துப் பட்டை அப்படியே நின்னுபோச்சு. கண்காட்சியில முதல்ல வித்தது அதுதான்! மரம் மரமாவே தெரியணும்னுதான் ஜனங்க இதை வாங்கறாங்க. இப்போ கை படற இடத்தை மட்டும் நல்லாத் தேய்க்கிறோம். ரேகையும் ஓரமும் இருக்கிறபடியே இருக்கும். ஆடுற பட்டையை மட்டும் எடுத்துடுவோம்.

இப்போ ஒரு சாவி மாட்டிக்கு ஒரு மணி நேரம்தான் ஆகுது. பொருள் செலவு 35, எங்க கூலி 50, வண்டி, கடை வாடகை 15. அசல் 100 ரூபாய். விலை 150. மீதி 50 குழுவுக்கு. மெஷின் கடன் அதிலிருந்துதான் அடையுது. பேரம் பேசறவங்ககிட்ட, "100-க்குக் கீழே கொடுத்தா எங்க கூலி போயிடும்மா"ன்னு கூச்சமில்லாம சொல்றோம்.

செய்ய நினைக்கிறவங்களுக்குச் சில விஷயம்:

ஈர மரத்துல செய்யாதீங்க, பிறகு வெடிக்கும். நிழலில் அடுக்கிக் காய விடுங்க. சின்ன ஓட்டை இருந்து மாவு மாதிரி கொட்டினா அது பூச்சி அரிச்சது, ஒதுக்கிடுங்க.

பழைய மரத்துல ஆணி இருக்கும். எல்லாத்தையும் பிடுங்கின பிறகே ரம்பம் வைக்கணும்.

உப்புத்தாள் முதல்ல 80, அடுத்து 120, கடைசியில 220 நம்பர். எண் ஏற ஏற வழவழப்பு கூடும்.

வெளிநாட்டுச் சரக்கோட வர்ற அடிப்பலகையில ஆங்கில முத்திரை இருக்கும். எச்.டி.ன்னு இருந்தா சூடேத்திப் பூச்சி கொன்னது. எம்.பி.ன்னு இருந்தா விஷவாயு போட்டது, தொடவேண்டாம்.

கரண்டி, துடுப்பு செய்யறதுக்கு வேம்பு, புளி மாதிரி நல்ல மரம் மட்டும். பிளைவுட்டும் வேண்டாம், அடிப்பலகையும் வேண்டாம். வார்னிஷ் அடிக்காம தேங்காய் எண்ணெய் தடவுங்க.

மெஷின் ஓடும்போது முந்தானையை இழுத்துச் செருகுங்க, முடியை முடிஞ்சுக்குங்க, மூக்கு வாயை மூடிக் கட்டுங்க. மரத்தூள் நெஞ்சுக்குக் கெடுதல்.

பஞ்ச சூத்திரத்துல கணக்கு எழுதறதும் ஒண்ணுன்னு நமக்கெல்லாம் மனப்பாடம். அந்தப் பதிவேட்டுல நம்ம நேரத்துக்கும் ஒரு பத்தி போடுங்க. மசாலா அரைச்சாலும் சரி, பை தைச்சாலும் சரி, கூலியைச் சேர்த்த பிறகே விலை சொல்லுங்க.