ஓடுவதற்கும் அமைந்த கால்கள்

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



வைத்தியர் பேச வந்தால் நீரிழிவைப் பற்றித்தான் பேசுவார் என்று நினைத்திருப்பீர்கள். நான் இன்று கால்களைப் பற்றிப் பேசப்போகிறேன்.

குதிகாலுக்குச் சற்று மேலே பின்பக்கமாகத் தொட்டுப் பாருங்கள். கயிறு போல ஒன்று தட்டுப்படும். அதுதான் குதிநாண். சிம்பன்சிக்கு அது மிகக் குட்டை, எமக்கு நீளம். ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் அது இறப்பர் பட்டி போல இழுபட்டு மீண்டு, சக்தியைத் திருப்பித் தருகிறது. பாதத்தின் வளைவும் அவ்வாறே. இத்தகைய அமைப்புகளைக் காட்டியே, மனித உடல் நெடுந்தூரம் ஓடுவதற்கும் அமைந்தது என்று 2004 இல் பிராம்பிள், லிபர்மன் ஆகிய இருவரும் வாதிட்டனர்.

கென்யாவின் கலென்ஜின் ஓட்டக்காரரை அளந்த ஆய்வாளர்கள், அவர்களின் கெண்டைக்கால் மெலிந்திருப்பதைக் கண்டார்கள். இடுப்பில் கட்டிய சுமையைவிட அதே சுமை கணுக்காலில் இருந்தால் ஓடுவதற்கு அதிக சக்தி வேண்டும். ஆகவே மெலிந்த கெண்டைக்கால் ஓர் அனுகூலம்.

ஆனால் அவசரப்பட்டு முடிவெடுக்கக் கூடாது. அங்கே வெறுங்காலுடன் வளர்ந்தவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தை ஊன்றி ஓடுவதாக லிபர்மன் குழு 2010 இல் எழுதியது. பலர் சப்பாத்தைக் கழற்றி வீசினார்கள். 2013 இல் இன்னொரு குழு, வட கென்யாவின் தாசனாச் மக்கள் 38 பேரை ஓடவிட்டுப் பார்த்தது. அவர்களும் வெறுங்காலினர்தான். தமக்கு வசதியான வேகத்தில் ஓடியபோது பெரும்பாலும் குதிகாலையே முதலில் ஊன்றினார்கள். ஓரிடத்தில் கண்டதை எல்லோருக்கும் விதியாக்க முடியாது.

பெண்களுக்கு அப்படித்தான் விதி செய்தார்கள். 1928 ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீற்றர் ஓடினார்கள். உடல் தாங்காது என்று சொல்லி அதை 1960 வரை நிறுத்தி வைத்தார்கள். பெண்களுக்கான மரதன் 1984 இல்தான் வந்தது. கால்களை அளந்து எடுத்த முடிவல்ல அது. கென்யாவில் பள்ளிக்கு ஓடிப் போன சிறுமி டெக்லா லொரூப், 1994 இல் நியூயோர்க் மரதனை வென்றார்.

பெரியபிள்ளையானதும் "இனி ஓடாதே" என்ற சொல் எம் வீடுகளில் இன்னும் கேட்கிறது. குதிநாண் ஆண்பிள்ளைக்கு மட்டும் அமைந்ததல்ல. இல்ல விளையாட்டுப் போட்டியோடு நிறுத்திவிடாமல், உங்கள் மகள்மாரையும் பேத்திமாரையும் தொடர்ந்து ஓட விடுங்கள்.