கூலியும் பரதேசியும்: தோட்டத்து வாழ்வும் கிறித்தவ மனச்சான்றும்



இக்கால ஒழுக்கச் சிக்கல்களைப் பற்றிக் கிறித்தவம் என்ன கற்பிக்கிறது என்று எடுத்துரைக்குமாறு மன்றத்தார் எங்களைப் பணித்தனர். அத்தலைப்பில் வழக்கமாகப் பேசப்படுபவை கருக்கலைப்பு, கருணைக் கொலை, தூக்குத் தண்டனை, மணமுறிவு ஆகியவை. அவை சிறியவை என்று நாங்கள் சொல்லவில்லை. ஆயினும் நெகிரி செம்பிலான் தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு, அப்பட்டியலில் எப்போதும் விடுபட்டுப்போகும் ஒன்றே முதலில் நினைவுக்கு வருகிறது. அது கூலி. ஒரு மனிதனின் ஒரு நாள் உழைப்புக்கு என்ன கொடுப்பது என்பதைக் கணக்கப்பிள்ளையின் கேள்வியாகவே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். விவிலியமோ அதனைக் கொலைக்கு அருகில் வைத்துப் பேசுகிறது.

மொழி மன்றத்தின் மேடை ஆதலால் சொல்லிலிருந்தே தொடங்குவோம். தமிழில் கூலி என்றால் உழைப்பின் பயன். முயற்சியால் கிடைக்கும் பயனைச் சுட்ட வள்ளுவரும் இச்சொல்லையே ஆண்டார். கப்பல் ஏறிய பிறகு இச்சொல்லுக்கு நேர்ந்த கதி வேறு. ஆங்கிலத்தில் அது ஆளைக் குறிக்கும் பெயராயிற்று. ஆங்கிலச் சொல் தமிழ்க் கூலியிலிருந்து வந்தது என்பாரும், குசராத்துப் பகுதியின் கோலி என்னும் குலப்பெயரிலிருந்து வந்தது என்பாரும் உளர். எங்கிருந்து வந்திருந்தாலும், கொடுக்க வேண்டிய பணத்தின் பெயரே அதைப் பெற வேண்டிய மனிதனின் பெயராய் நம் முன்னோர்மேல் ஒட்டிக்கொண்டது. குறைத்துக் கொடுப்பதற்கு இது வசதியான ஏற்பாடு. மனிதனுக்கு வீடும் மனைவியும் பிள்ளைகளும் உண்டு. கூலிக்கு அவை இல்லை அல்லவா?

ரந்தாவ், லின்சம், லாபு, பகாவ், போர்ட்டிக்சன் அருகிலுள்ள சுவா பெத்தோங் எனத் தோட்டங்கள் பலவாயினும் விடியற்காலைப் பெரட்டு எங்கும் ஒன்றே. இருள் பிரியுமுன் தண்டல் முன் வரிசையாக நிற்க வேண்டும். கிராணி செக்ரோலில் பெயரைக் குறிப்பார். குறித்தால் அது ‘ஒரு பெயர்’; அரை நாள் வேலை என்றால் ‘அரைப் பெயர்’. மாத முடிவில் எத்தனை பெயர் என்பதே ஒரு குடும்பத்தின் வாழ்வு. மழை பெய்தால் பெயர் இல்லை. ஈரமான பட்டையில் மரம் சீவினால் பால் கோட்டில் ஓடாமல் மரத்தில் பரவி வழிந்து வீணாகும் என்பதால் வெட்டு நிறுத்தப்படும். மழைக்குத் தொழிலாளி எவ்வகையிலும் பொறுப்பல்லன். ஆயினும் வானத்தின் குற்றத்துக்கு அவனுடைய உலை தண்டனை பெற்றது. நவம்பர், டிசம்பர் மாதங்களில் லயத்துப் பெண்கள் வாசலில் நின்று வானத்தைப் பார்த்த பார்வையைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள்.

இப்போது மத்தேயு நற்செய்தியின் இருபதாம் அதிகாரத்தை எண்ணிப் பாருங்கள். அங்கும் ஒரு பெரட்டு உண்டு. திராட்சைத் தோட்டக்காரர் விடியலில் சென்று ஆள் எடுக்கிறார். ஒன்பது மணிக்கும், நண்பகலிலும், மூன்று மணிக்கும் மீண்டும் செல்கிறார். பொழுது சாயும் ஐந்து மணிக்கும் சிலர் சந்தையில் நிற்கக் காண்கிறார். ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டால், எங்களை யாரும் வேலைக்கு அழைக்கவில்லை என்கிறார்கள். மாலையில் அனைவருக்கும் ஒரு தெனாரியம், அதாவது ஒரு முழு நாள் கூலி கொடுக்கப்படுகிறது. நகரத்து ஆலயங்களில் இவ்வுவமை இறையருளைப் பற்றியதாகவே விளக்கப்பட்டது. அவ்விளக்கம் பிழையன்று. ஆனால் அரைப் பெயருக்கும் முழுப் பெயருக்கும் இடையே எத்தனை படி அரிசி என்று அறிந்தவர்களின் செவியில் இக்கதை வேறு விதமாகவும் விழும். ஒரு மணி நேரமே உழைத்தவன் வீட்டிலும் பிள்ளைகளின் பசி முழு நாள் பசிதானே? அந்தத் தோட்டக்காரர் வேலையின் அளவோடு உலையின் அளவையும் பார்த்தார்.

அவ்வளவையே திருச்சபை பின்னர்க் கோட்பாடாக வகுத்தது. பழைய தமிழ்க் கத்தோலிக்கர் சிங்கராயர் என்று வழங்கிய திருத்தந்தை 13-ஆம் லியோ, 1891 மே 15 அன்று ‘ரேரும் நோவாரும்’ என்னும் சுற்றுமடலை வெளியிட்டார். முதலாளியும் தொழிலாளியும் மனமொப்பிப் பேசிக்கொண்ட கூலியாயினும், அது சிக்கனமாக வாழும் ஒரு தொழிலாளியைத் தாங்கப் போதாதெனில் அது அநீதியே என்பது அம்மடலின் நெஞ்சு. பசியினால் ஒருவன் தலையசைத்தால் அது இசைவு ஆகாது. 1931-இல் திருத்தந்தை 11-ஆம் பத்திநாதர் குடும்பத்துக்குப் போதுமான கூலியை வலியுறுத்தினார். 1992-இல் வெளிவந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூல், விண்ணை நோக்கிக் கூக்குரலிடும் பாவங்களை எண்ணுமிடத்தில், ஆபேலின் இரத்தத்தோடும் எகிப்தில் ஒடுக்கப்பட்ட மக்களின் ஓலத்தோடும் கூலியாளுக்கு இழைக்கப்படும் அநீதியையும் சேர்த்து வைத்தது.

சீர்திருத்த சபைகளும் பின்தங்கவில்லை. 1885-இல் சிங்கப்பூரில் பணி தொடங்கி மலாயா முழுதும் பள்ளிகளைத் திறந்த மெதடிஸ்டு மிஷனின் தாய்ச்சபை, 1908-இல் அமெரிக்காவில் ஒரு சமூக அறிக்கையை ஏற்றது. ஒவ்வொரு தொழிலிலும் வாழ்வதற்கேற்ற கூலி, சிறார் உழைப்பு ஒழிப்பு, ஏழு நாளில் ஒரு நாள் ஓய்வு ஆகியவை அதில் இருந்தன. 1908 என்ற ஆண்டை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். மலாயாவில் ரப்பர் காடுகள் பெருகிக்கொண்டிருந்த நேரம் அது. ஒப்பந்தக்கூலி முறை இன்னும் ஒழியவில்லை.

கோட்பாடு இவ்வளவு தெளிவாக இருக்க, தோட்டத்துக்குள் வந்த பிரசங்கம் என்னவாக இருந்தது? எங்கள் காதுகளில் விழுந்த வரையில், அது பெரும்பாலும் கள்ளைப் பற்றியது. கள் குடியைக் கெடுக்கும், குடிப்பவன் மனந்திரும்ப வேண்டும் என்றார்கள். உண்மைதான். கள்ளுக்கடை வாசலில் சம்பளத்தைத் தொலைத்த தந்தையரை நாங்கள் கண்டிருக்கிறோம். அவர்தம் மனைவியரின் கண்ணீர் கற்பனையன்று. ஆனால் அக்கடை தானாக முளைக்கவில்லை. அது உரிமம் பெற்று, நிருவாகத்தின் கண்பார்வையிலேயே, தோட்ட எல்லைக்குள் நடந்தது. குடித்தவனைப் பாவி என்ற பிரசங்கம், கடையை அங்கே வைத்த கையைப் பற்றி வாய் திறக்கவில்லை.

காரணம் ஊகிக்கக் கடினமன்று. தோட்டம் தனியார் நிலம். துரையின் அனுமதியின்றி உபதேசியார் உள்ளே கால் வைக்க இயலாது. அனுமதி பெற்று வந்தவர் கூலியைப் பற்றிப் பேசினால் அடுத்த ஞாயிறு அவருக்கு வாசல் திறக்காது. அவரைக் கோழை என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. காய்ச்சலில் கிடந்தவர்களின் லயத்துக்குள் சைக்கிளில் வந்து அமர்ந்து செபித்தவர் அவரே. எனினும் அந்த மௌனத்துக்கும் ஒரு விலை இருந்தது.

தொழிலாளர்களோ இரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முதலியோர் தலைமையில் எழுந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளைப் படித்துப் பாருங்கள். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, மருத்துவ வசதி, பெண்களிடம் அத்துமீறுவதற்கு முடிவு, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற இழிவின் நீக்கம் ஆகியவற்றோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒரே தாளில் நின்றது. பிரசங்க மேடை பிரித்து வைத்ததைப் பெரட்டுக் களத்து மக்கள் சேர்த்து எழுதினார்கள். நாதன் நாடு கடத்தப்பட்டார்; துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின.

பெண்களின் கூலியையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1920-களில் மலாயாவின் சில மாவட்டங்களுக்கு அரசு வரையறுத்த தரக்கூலி ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. உலகப் பொருளாதாரச் சரிவு வந்தபோது இரண்டும் குறைக்கப்பட்டன. பல்லாயிரம் பேர் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். காண்டா வாளி சுமந்த தோளின் வலியில் ஆண் பெண் என்று பத்துக் காசு வேறுபாடு இருந்ததா என்று எங்கள் பாட்டிமாரை யாரும் கேட்டதில்லை.

மண்வெட்டியின் பாரத்தைத் திருச்சபையே சுமந்த காலம் ஒன்றும் இம்மாநிலத்தில் உண்டு. சப்பானியர் ஆட்சியில் உணவுப் பஞ்சம் முற்றியபோது, சிங்கப்பூரிலிருந்து கத்தோலிக்கக் குடும்பங்கள் பகாவ் காட்டுக்குக் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டன. மலாக்கா ஆயர் அதிரியான் தெவால் அவர்களோடு வந்து வாழ்ந்தார். காடு திருத்தும் வேலையில் காலில் பட்ட காயம் முற்றி, 1945 சனவரியில் அவர் இறந்தார். மலேரியாவுக்கு நூற்றுக்கணக்கானோர் இரையாயினர். அதே ஆண்டுகளில்தான் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் சயாம் மரண ரயில்பாதைக்கு ஏற்றப்பட்டனர். பகாவின் கல்லறைகளுக்கு நினைவுக் குறிப்புகள் எழுதப்பட்டன. சயாமில் மாண்டவர்களில் பெரும்பாலோருக்குக் கல்லறை என்பதே இல்லை.

போருக்குப் பின் சிரம்பானில் தொழிற்சங்கப் பணியில் இறங்கிய பி. பி. நாராயணன் போன்றோர் முயற்சியால் 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. கூலிப் போர் நெடுங்காலம் நடந்தது. அதன் வரலாற்றை வேறொரு நாள் வேறொருவர் விரிவாகப் பேசட்டும். தீபகற்பத்தில் 2013 சனவரியில் 900 ரிங்கிட்டாகத் தொடங்கிய குறைந்தபட்ச மாதச் சம்பளம், 2025 பிப்ரவரியில் 1,700 ரிங்கிட்டாயிற்று என்பதை மட்டும் குறித்துவிட்டு மேலே செல்கிறோம். அந்தப் பயன் வந்து சேர்ந்தபோது நம்மவருள் பலர் தோட்டத்தில் இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. நீலாயிலும் செண்டாயானிலும் தோட்ட நிலங்கள் நகரங்களாயின. லயத்துப் பிள்ளைகள் லாரி ஓட்டுநராகவும் ஆசிரியராகவும் தாதியராகவும் ஆனார்கள்.

லயங்கள் மட்டும் சில இடங்களில் நிற்கின்றன. அவற்றில் இப்போது யார் வாழ்கிறார்கள்? வங்காளதேசத்தவர், நேபாளியர், இந்தோனேசியர். இங்கேதான் கத்தோலிக்கர் இணைச்சட்டம் என்றும் சீர்திருத்த சபையார் உபாகமம் என்றும் அழைக்கும் நூலின் இருபத்துநான்காம் அதிகாரம் நம் கதவைத் தட்டுகிறது. ஏழைக் கூலியாளின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிட வேண்டும் என்று சொல்லும் அச்சட்டம், அவன் உன் சகோதரனாயினும் உன் ஊரில் தங்கிய பரதேசியாயினும் அப்படியே என்று எல்லையை விரிக்கிறது. கூலியும் பரதேசியும் ஒரே கட்டளையில் வருகிறார்கள். நாமோ கூலி என்றவுடன் நம் பாட்டனாரை நினைத்துக் கண்ணீர் விடுகிறோம். பரதேசி என்றவுடன் அவனால் வேலை போயிற்று, தெரு அசுத்தமாயிற்று என்று முகம் சுளிக்கிறோம்.

கங்காணி ஊரில் ஆள் பிடித்தபோது முன்பணம் கொடுத்துக் கடனால் கட்டினார். அவர் கொண்டுவந்த ஆள் வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் தலைக்காசு பெற்றார். இன்று அந்த இடத்தில் முகவர் இருக்கிறார். நிலத்தை அடகு வைத்து அவருக்குப் பணம் கட்டிவிட்டு வரும் இளைஞன், தன் முதல் ஆண்டுகளின் சம்பளத்தைக் கடனுக்கே உழைக்கிறான். 2020 டிசம்பரில் அமெரிக்கச் சுங்கத்துறை, கட்டாய உழைப்பு குறித்த ஐயத்தால் சைம் டார்பி பிளாண்டேஷன் நிறுவனத்தின் செம்பனை எண்ணெயைத் தடுத்து நிறுத்தியது. நிறுவனம் சீர்திருத்தங்களை மேற்கொண்டு, தொழிலாளர்கள் முகவர்க்குக் கட்டிய பணத்தைத் திருப்பித் தரவும் முன்வந்தது. 2023 பிப்ரவரியில் தடை நீங்கியது. இன்று அந்நிறுவனம் கத்ரி என்ற பழைய பெயரைத் தன் பெயரில் தாங்கி நிற்கிறது. பாராட்ட வேண்டியதைப் பாராட்டுவோம். ஆனால் அந்தப் பணத்தை அசைத்தது துறைமுகத்தில் நின்ற சரக்கு. எந்தப் பிரசங்கமும் அதை அசைக்கவில்லை. கிறித்தவர்களாகிய எங்களுக்கு இதைச் சொல்ல வெட்கமாகவே இருக்கிறது.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். தோட்டத்து வரலாற்றை வகுப்பில் நடத்தும்போது, நம் முன்னோர்க்கு இடப்பட்ட பெயர்களைச் சொல்லிக் கொடுங்கள். கூலி, கிளிங் என்பவை எப்படிக் காயப்படுத்தின என்று மாணவர்கள் அறியட்டும். பிறகு, இன்று அவர்கள் வாயில் எளிதாக வரும் ‘பங்ளா’ என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதி, சற்று நேரம் அமைதியாக இருங்கள்.

சென்ற ஆண்டின் இறுதி மழையில், நாங்கள் வளர்ந்த தோட்டத்துக்குச் சென்றிருந்தோம். எங்கள் வீடாக இருந்த கதவின் முன் ஓர் இளைஞர் அமர்ந்து, காலுறையைப் பிழிந்து காயப்போட்டுக்கொண்டிருந்தார். மழையினால் குலை வெட்டு அன்று பாதியிலேயே நின்றுவிட்டதாக மலாயில் சொன்னார். குலை குறைந்தால் கைக்காசும் குறையும் என்று விரலால் காட்டினார். எங்களை அழைத்துச் சென்ற உறவினர் அவரைப் பொதுப்பெயரால் விளித்தே பேசிக்கொண்டிருந்தார். நாங்கள் அவருடைய பெயரைக் கேட்டோம். எழுந்து நின்று சொன்னார். எங்கள் பாட்டனார் சொல்வதைப் போலவே, தம் கிராமத்தின் பெயரையும் அதோடு சேர்த்துச் சொன்னார்.