எண்ணூருக்குப் பஸ் காசு

எண்ணூர் கழிமுகத்துல இறாலைக் கையால தடவிப் பிடிப்பாங்க. இப்போ சேத்தோட அனல்மின் நிலையச் சாம்பலும் கைக்கு வருது. 2023 டிசம்பர்ல, மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெய் வந்து படகு, வலையெல்லாம் கறுத்துப் போச்சு. அதே மாசம் 26ஆம் தேதி ராத்திரி பெரியகுப்பம் பக்கம் அம்மோனியா கசிஞ்சு, ஜனங்க மூச்சுத் திணறி ஓடினாங்க.

அன்னிக்கு டிவி கேமராக்கள் வந்துச்சு. அடுத்த வருஷமும் அதே வாசல்ல நின்னு, “இருமல் எப்படி இருக்கு பாட்டி?”ன்னு கேட்டு எழுதிக்கிறது யாரு? அது இளம் ஆராய்ச்சியாளர் வேலை. வருஷக்கணக்கா இழுக்கும். உதவித்தொகையோ, பாதியில நின்னுடும்!

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில 2004லேயே ஊர்க்காரங்க வாளி வச்சே காத்தைப் பிடிச்சு ஆய்வகத்துக்கு அனுப்பினாங்க. ஊர்க்காரங்களே இவ்வளவு செஞ்சிருக்கும்போது, பேராசிரியர்களே, எண்ணூருக்குக் கிளம்புற ஆராய்ச்சி மாணவிக்கு முதல்ல பஸ் காசு கொடுங்க.