தேயிலைச் செடியும் உயிர்மரக் கறையானும்

அட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே உள்ள தேயிலை மலைகளில் கவ்வாத்துக் காலம் வரும்போது ஓர் உண்மை வெளிப்படுவதுண்டு. மேலே கொழுந்து தழைத்து நின்ற செடியைக் கத்தி வெட்டியதும், உள்ளே தண்டு குடைபட்டிருப்பது தெரிகிறது. வெளிறிய சிறு பூச்சிகள் அங்கு ஊர்கின்றன. “கறையான் அரித்துவிட்டது, வேருக்கு மருந்து ஊற்றினால் தீரும்” என்பதே பலரும் உடனே சொல்லும் வழி. அந்த வழி சரிதானா?

கறையான் என்னும் பெயர் ஒன்று. அதனுள் அடங்கும் இனங்களோ பல. மண்ணில் கூடு கட்டி, மண் வழியாகவே சென்று விறகையும் வீட்டுத் தூணையும் தின்பது ஒரு வகை. மலைநாட்டுத் தேயிலையைக் குடையும் உயிர்மரக் கறையான் வேறு வகை. அறிவியலார் அதற்குப் போஸ்டெலெக்ட்ரோடெர்மஸ் மிலிட்டாரிஸ் எனப் பெயரிட்டுள்ளனர். அது புற்றெழுப்புவதில்லை, இரை தேடி மண்ணில் அலைவதுமில்லை. செடியின் தண்டே அதற்கு வீடும் உணவும் ஆகும்.

மண்ணில் இடும் நஞ்சு எவ்வாறு வேலை செய்கிறது? பைரெத்ராய்டு வகை நஞ்சுகள் கறையானை விரட்டுகின்றன. நச்சு மண்ணை உணர்ந்த கறையான் தோண்டுவதை நிறுத்தி, வேறு வழி தேடுகிறது, பெரும்பாலும் சாவதில்லை. இமிடாகுளோபிரிட், பிப்ரோனில் போன்றவை கறையானுக்கு எளிதில் புலப்படுவதில்லை. ஆகவே அது நச்சு மண்ணுக்குள் புகுந்து செல்கிறது. இமிடாகுளோபிரிட் பட்டது முதலில் நடை தளர்ந்து, தீனியை விடுகிறது. மரணம் பின்னரே வருகிறது. பிப்ரோனில் பட்டது கூட்டாளிகளுடன் பழகும்போது, ஒன்றையொன்று நக்கித் துப்புரவாக்கும் வழக்கத்தால் நஞ்சு மற்றவற்றுக்கும் தொற்றுகிறது. மண்ணின் தன்மையும் இதில் முக்கியம். மணலில் கொல்லும் அளவு, மட்கு மிகுந்த மண்ணில் பிடிபட்டு வலுவிழந்து போகலாம்.

இவையெல்லாம் கறையான் மண்ணைக் கடந்து வந்தால்தான் நிகழும். உயிர்மரக் கறையானோ சிறகு முளைத்துப் பறந்து வந்து, கவ்வாத்துக் காயம் உளுத்த இடத்தில் நுழைகிறது. வாசல் மேலே இருக்க, அடியில் காவல் வைத்து என்ன பயன்? வேர் உறிஞ்சும் நஞ்சு தண்டுக்கு ஏறுமே எனச் சிலர் கேட்கலாம். தண்டுக்கு ஏறுவது கொழுந்துக்கும் ஏறும்; அந்தக் கொழுந்துதான் கோப்பைக்கு வருகிறது.

ஆராயாமல் இட்ட நஞ்சு என்ன செய்யும் என்பதை இலங்கைத் தேயிலை முன்னரே கண்டிருக்கிறது. இலைசுருட்டிப் புழுவை அடக்க 1930களின் நடுவில் ஜாவாவிலிருந்து ஒரு சிறு குளவி கொண்டுவரப்பட்டது. அது தன் வேலையை நன்றாகச் செய்தது. பின்னர், தண்டு துளைக்கும் வண்டைக் கொல்ல டீல்ட்ரின் தெளித்தனர். குளவி மடிந்தது, அடங்கியிருந்த புழு மீண்டும் பெருகியது. மண்ணில் இட்டுக் கறையானைத் தடுக்கவும் உலகெங்கும் பயன்பட்ட அதே டீல்ட்ரின், நெடுங்காலம் அழியாது நிற்கும் நஞ்சென்று 2001-ஆம் ஆண்டின் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில் விலக்கப்பட்டது. சரிவான மலையில் பெய்யும் மழை மண்ணோடு நஞ்சையும் ஓடைக்குக் கொண்டு செல்லும். அந்த ஓடையின் கீழே லயங்கள் உள்ளன. குடத்தோடு நிற்கும் தாய்மார் உள்ளனர்.

ஆகவே தேயிலைச் செடிக்கு உண்மையான காவல் கவ்வாத்துக் கத்தியிலேயே தொடங்குகிறது. வெட்டு பிளவுபடாது சீராக அமைதல் வேண்டும். பட்ட குச்சிகளை நீக்கி, பெரிய காயங்களுக்குக் காப்புப் பூச்சு இடுதல் வேண்டும். மீளாத அளவு குடைபட்ட செடியை வேரோடு அகற்றுதல் நன்று. ஐயம் எழுந்தால், 1925-இல் தோன்றி இன்று தலவாக்கலையில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவுரையைக் கேட்கலாம்.

நோய் நாடாமல் கொடுக்கும் மருந்து நோயைத் தீர்ப்பதில்லை. எந்தக் கறையான் என்று அறிந்த பின்னரே மருந்துக் கலத்தைத் திறக்க வேண்டும். அந்தப் பொறுமை செடியைக் காக்கும். செடியை நம்பி வாழும் கைகளையும் காக்கும்.