நத்தைக்குள் எத்தனை புழு?



ஹவாய்த் தீவுகளில் கீரையை இலை இலையாகப் பிரித்துத்தான் அலசுவார்கள். மடிப்பில் ஒட்டியிருக்கும் பொடி நத்தை பச்சையாக வயிற்றுக்குள் போய்விட்டால் மூளைக்காய்ச்சல் வரலாம். காரணம், எலி நுரையீரல் புழு. 1935இல் சீனாவின் கான்டன் நகரத்து எலிகளில் கண்டறியப்பட்டது. இதன் குஞ்சுகள் எலிப்புழுக்கையோடு வெளியேறி, அதைத் தின்னும் நத்தைக்குள் வளர்ந்து, நத்தையைத் தின்னும் எலிக்கே திரும்புகின்றன. மனித உடலுக்குள் வந்தாலோ மூளை வரை போய், பெரும்பாலும் அங்கேயே சாகின்றன. கேரளத்தில் உடும்பைப் பச்சையாகத் தின்றவர்களுக்கும் இதே வகைக் காய்ச்சல் வந்ததாக மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

நத்தைக்குள் புழு இருக்கிறதா என்பதோடு, எவ்வளவு இருக்கிறது என்பதும் முக்கியம். ஒரு நத்தையில் நாலைந்துதான் இருக்கும். ஹவாயில் பெருகிவிட்ட, முதுகில் துண்டு ஓடு மட்டுமே உள்ள ஒரு வந்தேறி நத்தையிலோ ஆயிரக்கணக்கில் இருக்கலாம்.

முன்பெல்லாம் நத்தைச் சதையை அமிலத்திலும் பெப்சினிலும் கரைத்து, நுண்ணோக்கியில் புழுக்களை எண்ணினார்கள். கண் பூத்துப்போகும் வேலை. போதாததற்கு, வேறு புழுக்களின் குஞ்சுகளும் பார்வைக்கு இதைப் போலவே இருக்கும்.

இப்போது சிறு துண்டு சதையிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரிக்கிறார்கள். இந்தப் புழுவுக்கே உரிய ஒரு பகுதியைப் பி.சி.ஆர். கருவி சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாக்குகிறது. கொரோனா காலத்தில் 'சி.டி. அளவு' என்று கேட்டிருப்பீர்களே, அதே கணக்குதான். ஒரு நத்தையில் 18ஆம் சுற்றிலேயே அடையாளம் தெரிந்து, இன்னொன்றில் 28ஆம் சுற்றில்தான் தெரிந்தால், முதலாவதில் புழுவின் டி.என்.ஏ. ஏறக்குறைய ஆயிரம் மடங்கு அதிகம்.

அதற்காக அந்த எண்ணை அப்படியே நம்பிவிட முடியாது. நத்தையின் கோழை பி.சி.ஆர். வினையையே தடுத்துவிடும்; சாற்றை நீர்க்கச் செய்து மறுபடி சோதிக்க வேண்டியிருக்கும். உடலெங்கும் புழுக்கள் சமமாகப் பரவியிருப்பதுமில்லை. வாலில் வெட்டிய துண்டு ஒரு கணக்குச் சொல்லும், நடுவுடல் வேறு சொல்லும். எனக்கு இதைவிடப் பெரிதாகப் படும் குறை ஒன்று உண்டு. செத்த புழுவிலும் டி.என்.ஏ. இருக்கும். நத்தையை உறைய வைத்தால் புழு சாகிறதா, உப்புநீரில் சாகிறதா என்று சோதிப்பவர்களுக்கு இந்தக் கருவி மட்டும் போதாது. புழு நெளிகிறதா என்று பார்க்க, பழைய நுண்ணோக்கி முன்னால்தான் உட்கார வேண்டியிருக்கிறது.