நீருக்கடியில் மறைந்த கணக்கு

(உரையின் வாசகம்)

கடலில் செல்லும் கப்பலுக்கு அலையைவிட அடித்தரையே பெரிய ஆபத்து. ஆகவேதான் மாலுமியின் வரைபடத்தில், கடல் மிகத் தாழ்ந்து வற்றும் மட்டத்திலிருந்து ஆழங்கள் குறிக்கப்படுகின்றன. இந்தியக் கடல்களுக்கு இப்பணியை ஆற்றும் தேசிய அலுவலகம், கடலே காணாத டேராடூனில் 1954 முதல் இயங்கி வருகிறது. அதே அளவீட்டுக் கலை பாலக்காடு, இடுக்கி மலைகளிலுள்ள நீர்த்தேக்கங்களுக்கும் இன்றியமையாதது.

முன்னாளில் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி ஆழம் பார்த்தனர். இன்று படகிலுள்ள எதிரொலிக் கருவி ஒலியை அனுப்புகிறது. கடல்நீரில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்லும். பத்தில் ஒரு வினாடியில் எதிரொலி திரும்பினால், ஆழம் 75 மீட்டர். படகின் இடத்தைச் செயற்கைக் கோள்கள் காட்டுகின்றன.

அணையில் அன்றாடம் படிக்கப்படுவது நீர்மட்டம் மட்டுமே. அம்மட்டத்தில் நீர் எவ்வளவு என்பதைக் கொள்ளளவு அட்டவணை கூறுகிறது. வண்டல் படிந்த பின்னும் பழைய அட்டவணையையே நம்பினால், இல்லாத நீர் இருப்பதாகக் கணக்கில் ஏறும். கடலில் ஆழம் தவறினால் கப்பல் தரை தட்டும்; அணையில் தவறினால் பயிர் கருகும்.

இரு மாநிலங்கள் பங்கிடும் நீரில் இதன் முக்கியத்துவம் மேலும் கூடுகிறது. பரம்பிக்குளம் அணை பாலக்காடு மாவட்டத்தில் உள்ளது. அதை இயக்குவது தமிழகம். 1970 ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி மணக்கடவில் கேரளத்துக்கு ஆண்டுதோறும் 725 கோடி கன அடி நீர் தரப்பட வேண்டும். பருவமழை பொய்க்கும் ஆண்டில், அணைகளில் உண்மையாக உள்ள இருப்பே இரு தரப்பு உழவர்க்கும் கைகொடுக்கும். இடுக்கி மாவட்டத்துப் பெரியாறு அணையிலோ, 104 அடிக்குக் கீழுள்ள நீர் தமிழகத்துக்கு எடுக்க இயலாதது. எனவே வண்டலின் அளவு மட்டுமன்று, அது படிந்த மட்டமும் தெரிய வேண்டும்.

வண்டல் முழுவதும் மதகுக்குக் கீழேயே தங்கிவிடும் என்னும் எண்ணம் சரியன்று. ஆறு தேக்கத்தினுள் நுழையும் இடத்திலேயே அதன் வேகம் தணிகிறது. பருமணல் அங்கேயே படிந்து, பயன்படு கொள்ளளவைக் குறைக்கிறது. நுண்ணிய களியே அணை வரை செல்கிறது. 1955 இல், அன்றைய சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில், பாசனத்துக்காகத் திறக்கப்பட்ட மலம்புழா போன்ற பழைய அணைகளுக்கு இக்கணக்கு அவசியம். 2018 ஆகஸ்டில் இடுக்கியில் நேர்ந்த நிலச்சரிவுகள், ஒரே பருவத்தில் எவ்வளவு மண் இறங்கக்கூடும் என்பதை உணர்த்தின.

ஆகவே குறித்த கால இடைவெளியில், அதே குறுக்குக் கோடுகளின் வழியே, ஆழ அளவீடு மீண்டும் செய்யப்பட வேண்டும். இரண்டு அளவீடுகளின் வேறுபாடே வண்டலின் கணக்கு. எல்லை அணைகளில் இரு மாநிலப் பொறியாளரும் ஒரே படகில் சென்று அளந்தால், முடிவில் ஐயத்துக்கு இடமிராது. தூர்வாருதல் செலவு மிக்கது. மலைச்சரிவில் மண்ணைக் காப்பது அதனினும் சிக்கனமானது. எந்தச் சரிவுக்கு முதலில் காப்பு வேண்டும் என்பதையும் அந்த அளவீடே காட்டும்.

நீரைப் பங்கிடுமுன் நீரை அளக்க வேண்டும். நீரை அளக்க அதன் அடித்தரையை அறிய வேண்டும்.