பாலருக்குச் சுகாதார போதனை

(மார்க்கையன்கோட்டையில் கூடிய நமது சங்கக் குடும்பக் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)

நோய்க்கிருமிகளைப் பற்றியும் தேகசுத்தத்தைப் பற்றியும் சிறு குழந்தைகளுக்கு எங்ஙனம் கற்பிப்பதென்று சில வார்த்தைகள் சொல்லும்படி நமது காரியதரிசியவர்கள் எனக்குக் கட்டளையிட்டார்கள். யான் வைத்தியன் அல்லேன். நெடுங்காலம் பாலர் வகுப்பில் உபாத்திமை செய்தவன். ஆயினும் இவ்விஷயம் என் மனத்தை விட்டு அகலாததற்கு வேறொரு காரணமும் உண்டு.

எனக்கு ஒரு தங்கை இருந்தாள். மூன்றாம் பிராயத்தில் பேதி கண்டு படுத்தவள், “தண்ணீர், தண்ணீர்” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். தண்ணீர் கொடுத்தால் பேதி மிகும் என்று வீட்டுப் பெரியோர் மறுத்துவிட்டனர். இரண்டாம் நாள் விடியுமுன் அவள் குரல் அடங்கிற்று. அவர்கள் அன்பில்லாதவர் அல்லர், அறியாதவர். அறியாமை அன்பையும் கொலைக்கருவியாக்கிவிடும் என்பதை அன்று கண்டேன்.

இவ்வூர் வயல்களுக்கு உயிராய் ஓடும் முல்லைப் பெரியாற்றை நாம் அனைவரும் போற்றுகிறோம். 1887-இல் தொடங்கிய அணைவேலை முடிந்து 1895-இல் நீர் திறந்துவிடப்பட்டது. அவ்வேலைக்காகக் காட்டில் தங்கிய தொழிலாளர் பலரை மலைச்சுரமும் வாந்திபேதியும் கொண்டுபோயின. கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டது 1897-இல். ஆகையால் அது அக்காலத்தார் அறியாதது. ஆனால் வாந்திபேதிக் கிருமியையோ ராபர்ட் காக் என்னும் ஜெர்மானியப் பண்டிதர் 1884-இலேயே கல்கத்தாவில் உறுதிசெய்துவிட்டார். அவ்வறிவு நூலில் இருந்தது. தொழிலாளியின் தண்ணீர்ப் பானைக்கு வந்து சேரவில்லை. அறிவு நூலில் இருந்தால் போதாது, கையில் இருக்கவேண்டும். குழந்தையின் கையில் அதை வைப்பதே நம் கடமை.

“கண்ணுக்குத் தெரியாத கிருமி இருக்கிறதென்று எப்படி நம்புவது?” என்று ஐந்து வயதுக் குழந்தை கேட்கும். அக்கேள்வியை அதட்டி அடக்காதீர்கள். அடுக்களைக்கு அழைத்துச் செல்லுங்கள். பாலில் ஒரு கரண்டி உறைமோர் ஊற்றுகிறீர்கள், விடிந்தால் தயிராகிறது. அம்மோரில் உள்ள நுண்ணிய உயிர்கள் இரவெல்லாம் பெருகிச் செய்த வேலை அது. கொதிக்கும் பாலில் உறை ஊற்றினால் தோயாது; சூட்டில் அவை மடிந்துபோகின்றன. குளிர்ப்பெட்டியில் வைத்தால் எளிதில் தோயாது. குளிரில் அவை உறங்குகின்றன. நீரைக் கொதிக்கவைப்பதன் காரணம் இதிலேயே விளங்கிவிடும். கிருமிகள் யாவும் பகையல்ல, தயிர் தருபவையும் உண்டு என்பதையும் குழந்தை உடன் கற்றுக்கொள்ளும்.

அடுத்தது கைச்சுத்தம். கிருமி ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குச் செல்வதைக் காட்ட, ஒரு பிள்ளையின் உள்ளங்கையில் சிறிது எண்ணெயில் குழைத்த மஞ்சளைத் தடவி, பந்தொன்றை எல்லோரும் கைமாற்றி விளையாடச் செய்வேன். சற்றுநேரத்தில் அத்தனை பேர் கையிலும், சிலர் மூக்கிலும் உதட்டிலுங்கூட மஞ்சள் தெரியும். பிறகு வெறும் நீரில் கழுவச் சொல்வேன்; மஞ்சள் போகாது. சவுக்காரக்கட்டி தேய்த்தால் மஞ்சள் சிவந்து காட்டும். நகக்கண்ணிலும் விரலிடுக்கிலும் பெருவிரலடியிலும் சிவப்பு நின்றால், அங்கே கழுவவில்லை என்று குழந்தையே கண்டுகொள்ளும். இருபது விநாடியேனும் தேய்க்கவேண்டும் என்பது வைத்தியர் வாக்கு. ஒன்றிலிருந்து இருபது வரை நிதானமாய் எண்ணச் சொன்னால் கணக்கும் சுத்தமும் ஒருங்கே வரும்.

வியன்னா நகரத்து ஆஸ்பத்திரியில் பிள்ளைபெற்ற தாய்மார் ஜன்னிகண்டு மடிவதை, வைத்தியர் தம் கைகளைக் குளோரின் கலந்த நீரில் கழுவவேண்டும் என்ற ஒரே விதியால் 1847-இல் வெகுவாய்க் குறைத்துக் காட்டினார் செம்மல்வைஸ் என்பார். படித்த வைத்தியர்களே அன்று அதை நம்ப மறுத்தார்கள். நம் குழந்தைகளோ நம்புவார்கள். ஆனால் நாம் செய்வதைப் பார்த்துத்தான் நம்புவார்கள். வயலிலிருந்து வந்த தகப்பனார் கைகழுவாமல் சோற்றில் கைவைத்தால், என் வகுப்பில் ஓராண்டு சொன்ன பாடம் ஒரு வேளையில் அழிந்துபோகும்.

கொசுவையும் மறவாதீர்கள். டெங்குச் சுரத்தைப் பரப்பும் கொசு பகலில் கடிப்பது. சாக்கடையைவிட நல்ல நீரையே நாடி முட்டையிடுவது. தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், மூடாத தொட்டி இவையே அதன் பிறந்தகம். முட்டை கொசுவாவதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் செல்லும். ஆகவே ஞாயிறுதோறும் குழந்தைகளைக் கொல்லைக்கு அனுப்பித் தேங்கிய நீரைக் கவிழ்க்கச் செய்யுங்கள். அவர்களுக்கு அது வேட்டையாகவே இருக்கும்.

தடுப்பு மருந்தின் பெருமையையும் கதையாய்ச் சொல்லுங்கள். நம் பாட்டனார் காலத்தில் ஊரையே நடுங்கவைத்த பெரியம்மை 1975-க்குப்பின் இத்தேசத்தில் இல்லை. 1980-இல் உலகத்தைவிட்டே ஒழிந்ததென்று அறிவிக்கப்பட்டது. இயற்கையில் பரவும் இளம்பிள்ளைவாதக் கிருமியால் இந்தியாவில் கடைசியாகக் குழந்தை பாதிக்கப்பட்டது 2011-இல். ஊசிக்கு அழும் பிள்ளைக்கு இவை ஆறுதல் தரும்.

இப்பொழுது, நம் சங்கத்தாருக்கு உரிமையோடு ஒன்று சொல்லுகிறேன், பொறுத்தருள வேண்டும். அழுக்கு வேறு, தீட்டு வேறு. கைகழுவக் கற்கும் குழந்தை, பக்கத்தில் உட்காரும் மற்றொரு குழந்தையைக் கண்டு ஒதுங்கக் கற்றுவிடலாகாது. கிருமிக்குக் குலம் தெரியாது. அரண்மனை, குடிசை என்று பாராது. பள்ளியில் ஒரே வரிசையில் உண்ணும் பிள்ளைகள் ஒரே குழாயில் கைகழுவட்டும். சுத்தம் என்ற பெயரால் பிறரை இழிவாய் எண்ணும் பழக்கம் எந்தக் கிருமியினும் கொடியது. அதைக் குழந்தை நம் வீட்டில்தான் கற்கிறது. நாமே அதற்கு மருந்தும் தரவேண்டும்.

கடைசியாக, தாய்மார்களே, என் தங்கையை நினைத்து இதைச் சொல்லுகிறேன். 1971-இல் வங்காளத்துப் பங்காவில் அகதிகள் முகாமில் வாந்திபேதி பரவியபோது, ஊசிவழி ஏற்றும் மருந்துநீர் தீர்ந்துபோக, டாக்டர் திலீப் மகலநாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரையே பாத்திரங்களில் வைத்துக் குடிக்கச் செய்தார். நூற்றுக்கு 30 பேர்வரை மடிந்துகொண்டிருந்த நிலைமை மாறி, அந்நீரருந்தியவரில் இறந்தவர் நூற்றுக்கு 4 பேருக்கும் குறைவாயினர். ஆகையால் பேதி கண்ட குழந்தைக்குத் தண்ணீரை மறுக்காதீர்கள். காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, சிறிது சிறிதாய் ஓயாமல் கொடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும் உப்புக்கரைசல் பொட்டலம் அதனினும் சிறந்தது. தாய்ப்பாலை நிறுத்தவேண்டாம். கண் குழிந்து, பிள்ளை சோர்ந்தாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும் தாமதியாமல் வைத்தியரிடம் செல்லுங்கள்.

குழந்தைகளே! இங்கே பலகாரம் பரிமாறப் போகிறார்கள். முதலில் எங்கே போகவேண்டும் என்று நான் சொல்லவேண்டுவதில்லை. பெரியோர்களும் அவர்கள் பின்னே எழுந்து வரும்படி கேட்டுக்கொண்டு, என் சிற்றுரையை முடித்துக்கொள்ளுகிறேன்.